ஸ்ரீசைலத்தின் அடிக்கணக்கு

1996ஆம் ஆண்டில் நடந்த மூன்று காரியங்களை யாரும் சேர்த்து வைத்துப் பேசுவதில்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை எழும்பத் தொடங்கியது அந்த ஆண்டில்தான். பின்னாளில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று விரிந்த தொழில் பகுதிக்கு அதுவே பிள்ளையார் சுழி. அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில், இருபது ஆண்டுக் காத்திருப்புக்குப் பின், கிருஷ்ணா நதியின் தண்ணீர் ஊத்துக்கோட்டை அருகே தமிழக எல்லைக்குள் முதன்முதலாக நுழைந்தது. இவற்றுக்கெல்லாம் முன்னால், ஜூன் மாதத்தில், ஹைதராபாத்தில் ஓர் அரசாணை வெளியானது. ஸ்ரீசைலம் அணையில் தண்ணீரை 834 அடி வரை இறக்கலாம் என்றது அந்த 69ஆம் எண் ஆணை. முதல் இரண்டும் நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வந்தவை. மூன்றாவதைத் தமிழ்நாட்டில் கவனித்தவர் மிகச் சிலர். ஆனால் சென்னைக்கும் அதன் மேற்கே வளர்ந்த ஆலைப் பகுதிக்கும் கிருஷ்ணா நீர் எந்த ஆண்டில் எவ்வளவு வரும் என்பதைத் தீர்மானித்ததில் மூன்றாவதன் பங்குதான் அதிகம். நமது ஒப்பந்தங்கள் தண்ணீரை டிஎம்சியில் எண்ணின, அதாவது நூறு கோடி கன அடிகளில். அணை இயங்குவதோ அடிக்கணக்கில். இந்த இரண்டு கணக்குகளும் ஒட்டாமல் போனதே கிருஷ்ணா நீர்த் திட்டத்தின் நாற்பது ஆண்டு வரலாறு என்பது என் வாதம்.

ஸ்ரீசைலம் தமிழருக்குப் புதிய பெயரல்ல. தேவார மூவரும் பாடிய திருப்பருப்பதம் அதுவே. நல்லமலைக் காடுகளுக்கு நடுவே கிருஷ்ணா குடைந்து செல்லும் ஆழமான பள்ளத்தாக்கின் குறுக்கே, கோயிலுக்குச் சற்றுத் தள்ளி அணை நிற்கிறது. 512 மீட்டர் நீளம், அடித்தளத்திலிருந்து ஏறத்தாழ 145 மீட்டர் உயரம், பன்னிரண்டு மதகுகள். அணையின் முழு நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 885 அடி. அகலம் குறைவு, ஆழம் அதிகம், இருபுறமும் பாறைச் சுவர் என்ற இந்த அமைப்பைப் பார்க்கும் எந்தப் பொறியாளருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மின்சாரமாகத்தான் இருக்கும். அணையும் அதற்காகவே திட்டமிடப்பட்டது. 1963 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டியபோது அதன் பெயரே ஸ்ரீசைலம் நீர்மின் திட்டம். பாசனத்துக்கென்று அதில் ஒரு வாய்க்காலும் கிடையாது. விழும் தண்ணீர் சுழலிகளைச் சுற்றிவிட்டுக் கீழே நாகார்ஜுனசாகருக்குப் போய்ச் சேரும், அங்கிருந்து டெல்டா வயல்களுக்குப் பாயும் என்பதே ஏற்பாடு.

இந்தத் தண்ணீரின் மேல் சென்னைக்கு இருந்த ஆசை அணையைவிட மூத்தது. ஆந்திரம் பிரிவதற்கு முன், 1951இல், அன்றைய மதராஸ் அரசு கிருஷ்ணா–பெண்ணைத் திட்டம் ஒன்றை முன்வைத்தது. ஸ்ரீசைலத்துக்கு மேலே சித்தேஸ்வரத்தில் அணை கட்டி, கிருஷ்ணாவை வடபெண்ணையாற்றுக்குத் திருப்பித் தெற்கே கொண்டுவரும் யோசனை அது. கிருஷ்ணா டெல்டா உழவர்கள் கொதித்தெழுந்தார்கள். தங்கள் ஆற்றை மதராஸ் எடுத்துக்கொண்டு போகிறது என்ற அச்சம் தனி ஆந்திரக் கோரிக்கைக்கும் வேகம் கொடுத்தது. 1952இல் கோஸ்லா குழு அந்தத் திட்டத்தை ஒதுக்கிவிட்டு நந்திகொண்டாவில் அணை கட்டலாம் என்றது. அதுவே 1955இல் அடிக்கல் நாட்டப்பட்ட நாகார்ஜுனசாகர். 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்ததும் கிருஷ்ணா மீது சென்னைக்கு இருந்த சட்ட உரிமை முழுதாக அற்றுப்போனது. கிருஷ்ணாவின் வடிநிலத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கும் இல்லை. ஆகவே 1969இல் அமைந்த பச்சாவத் நடுவர் மன்றத்தின் முன் போய் நிற்க வேண்டிய அவசியமும் தமிழ்நாட்டுக்கு வரவில்லை. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றுக்கும் ஆற்றைப் பங்கிட்ட அந்த மன்றம் ஸ்ரீசைலத்துக்கு ஒதுக்கியது 33 டிஎம்சி. அதுவும் ஏரியிலிருந்து ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்டத்தான். மின்சாரம் தண்ணீரைத் தின்பதில்லை, கடத்திவிடுகிறது என்ற நியாயத்தில் எழுந்த ஒதுக்கீடு அது.

1976இல்தான் திருப்பம். கிருஷ்ணாவைப் பகிர்ந்துகொள்ளும் மூன்று மாநிலங்களும் சென்னையின் குடிநீருக்காகத் தத்தம் பங்கிலிருந்து ஆளுக்கு 5 டிஎம்சி தர ஒப்புக்கொண்டன. இந்திய நதிநீர் வரலாற்றில் இதற்கு இணையான பெருந்தன்மை அரிது. வடிநிலத்தில் ஒரு சாண் நிலமும் இல்லாத மாநிலத்துக்கு மூன்று மாநிலங்கள் கைநீட்டிக் கொடுத்தன. அடுத்த ஆண்டு அக்டோபரில் அந்த நீரை ஸ்ரீசைலத்திலிருந்து திறந்தவெளிக் கால்வாய் வழியே எடுப்பது என்று முடிவானது. 1983 ஏப்ரலில் ஆந்திரமும் தமிழ்நாடும் ஒப்பந்தம் செய்தன. வழியில் ஆகும் சேதாரம் 3 டிஎம்சி போக, ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4, ஆக 12 டிஎம்சி எல்லையில் வந்து சேர வேண்டும். மே மாதம் சென்னையில் இந்திரா காந்தி திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அந்த ஆண்டு ஆட்சிக்கு வந்திருந்த என்.டி.ராமராவ் சென்னைக்குப் போகும் கால்வாய் வழியிலேயே ராயலசீமாவின் வறண்ட நிலமும் நெல்லூரும் பாசனம் பெற வேண்டும் என்றார். கிருஷ்ணாவின் 29 டிஎம்சி வெள்ள நீரையும் பெண்ணையின் 30 டிஎம்சியையும் கொண்டு 5.75 லட்சம் ஏக்கருக்குப் பாய்ச்சும் பெருந்திட்டமாக அதை விரித்து, தெலுங்கு கங்கை என்று பெயரும் வைத்தார். இதில் ஒரு தேதியை மறக்கக் கூடாது. ஸ்ரீசைலம் வலதுகரை மின் நிலையத்தின் முதல் சுழலி ஓடத் தொடங்கியது 1982 ஆகஸ்டில். சென்னைக்குக் குடிநீர் தருவோம் என்ற வாக்கு அதற்கும் ஆறு ஆண்டுகள் முந்தியது. ஆக அந்த அணை ஒரு யூனிட் மின்சாரமும் தருவதற்கு முன்பே குடிநீர்க் கடமை அதன் தலையில் ஏற்றப்பட்டுவிட்டது.

இந்தப் பெருந்தன்மைக்கு உண்மையான விலை கொடுத்தவர்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை. கர்நூல், மகபூப்நகர் மாவட்டங்களில் ஏறத்தாழ நூறு ஊர்கள் ஏரிக்குள் போயின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பெயர்க்கப்பட்டார்கள். 1981 கோடையில் அணை நிரம்பும் நாள் நெருங்கியபோது ஊர்களை வலுக்கட்டாயமாகக் காலிசெய்தார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன. தட்டுமுட்டுச் சாமான்களை அள்ளிக்கொண்டு குடும்பங்கள் மேட்டு நிலம் தேடி ஓடின. கூடவெல்லியிலிருந்த சங்கமேஸ்வரர் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து எண் போட்டு ஆலம்பூரில் மறுபடி எழுப்பினார்கள். ஆலம்பூரின் நவப்பிரம்ம கோயில்களைக் காக்க மதில் எழுந்தது. கல்லுக்குக் காட்டிய அந்தக் கவனத்தில் பாதியை மனிதருக்கும் காட்டியிருக்கலாம். அணை கட்ட நிலம் இழந்த வீட்டுக்கு ஒருவருக்கு நீர்ப்பாசனத் துறையில் வேலை என்று 1986இல் ஓர் ஆணை வந்தது. அந்த ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்ரீசைலம் மக்கள் பல பத்தாண்டுகள் மனுப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கிருஷ்ணா நீர் எங்கள் உரிமை என்று இங்கே பேசுகிற எவரும் இந்தக் கடனையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

இனி மட்டத்துக்கு வருவோம். ஏரியின் தென்கரையில், அணையிலிருந்து வெகு தூரம் மேலே, போத்திரெட்டிபாடு என்ற இடத்தில் தலைமதகு இருக்கிறது. சென்னைக்கும் ராயலசீமாவுக்கும் உரிய தண்ணீர் ஏரியைவிட்டுப் பிரியும் வாசல் அது. அதன் அடிப்படி 841 அடியில் இருக்கிறது. வீட்டு மாடித் தொட்டியில் குழாயை அடியில் வைக்காமல் பாதி உயரத்தில் வைத்துவிட்டால் என்ன ஆகும்? தொட்டியில் தண்ணீர் கிடக்கும், குழாயில் வராது. ஏரி 841 அடிக்குக் கீழே இறங்கிவிட்டால் போத்திரெட்டிபாட்டின் நிலையும் அதுதான். உள்ளே பல பத்து டிஎம்சி கிடந்தாலும் சென்னைக்குச் சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. 841ஐத் தாண்டியதும் கொட்டிவிடும் என்றும் சொல்ல முடியாது. மதகின் மேல் நிற்கும் தண்ணீரின் உயரம்தான் அதைத் தள்ளுகிற விசை. 854 அடியில் விநாடிக்கு ஏழாயிரம் கன அடி அளவுக்கே எடுக்க முடிகிறது, 880ஐத் தாண்டினால்தான் முழு அளவான 44,000 கன அடி கிடைக்கும் என்பது ஆந்திர அரசு திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு. அணையின் மின் நிலையத்துக்கோ 834 அடியும் போதும், அதற்குக் கீழேயும் ஓடும். ஒரே ஏரியில் இரண்டு வாசல்கள், ஒன்று உயரத்தில், மற்றொன்று தாழ்வில். தாழ்வாசல்காரர் எப்போது வேண்டுமானாலும் உயரவாசல்காரரின் தண்ணீரை நிறுத்திவிட முடியும். அதற்குப் பகை உணர்வு தேவையில்லை, சுழலியை நாலு நாள் கூடுதலாக ஓட்டினாலே போதும்.

1996ஆம் ஆண்டு ஆணை 834 என்று வைத்ததன் பொருள் இதுவே. கால்வாய் வெட்டி முடித்து, ஊத்துக்கோட்டையில் தண்ணீரை வரவேற்க மேடை போட்ட அதே ஆண்டில், கால்வாயின் தலைவாசல் காய்ந்துபோகும் அளவுக்கு ஏரியை இறக்க அனுமதி எழுதப்பட்டது. 2004 செப்டம்பரில் 107ஆம் எண் ஆணை அந்த வரம்பை 854 அடிக்கு உயர்த்தியது. அடுத்த ஆண்டு, ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டி ஆட்சியில், தலைமதகின் கொள்திறனைச் சுமார் 11,000 கன அடியிலிருந்து 44,000க்கு உயர்த்தும் வேலை தொடங்கியது. இரண்டுமே ராயலசீமாவின் நெருக்குதலால் வந்தவை. சென்னை அவற்றால் பயன்பெற்றது உண்மை, ஆனால் அவற்றில் சென்னையின் குரல் எதுவும் இல்லை. இதற்கிடையே ஏரியும் சுருங்கிக்கொண்டே வந்தது. கட்டியபோது 308 டிஎம்சி கொண்ட ஏரி கிருஷ்ணாவும் துங்கபத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் இப்போது 215.8 டிஎம்சி மட்டுமே கொள்கிறது. இழப்பு 92 டிஎம்சி. சென்னைக்கு வாக்களித்த ஆண்டுப் பங்கைப் போல ஏழரை மடங்குக்கும் மேல்.

2014இல் ஆந்திரம் இரண்டானதும் அணையும் இரண்டானது. வலதுகரையின் 770 மெகாவாட் நிலையம் ஆந்திரத்துக்கும், ஜப்பானியக் கடனில் மலைக்குள் குடைந்து கட்டிய இடதுகரையின் 900 மெகாவாட் நிலையம் தெலங்கானாவுக்கும் போயின. 2020 ஆகஸ்டில் இந்த நிலத்தடி நிலையத்தில் தீ பிடித்து ஒன்பது பேர் இறந்தது பலருக்கு நினைவிருக்கும். மறு ஆண்டு ஜூன் கடைசியில் தெலங்கானா தன் நீர்மின் நிலையங்களை முழு அளவில் ஓட்டுமாறு ஆணையிட்டது. அப்போது ஸ்ரீசைலத்தில் மட்டம் 834 அடிக்கும் கீழே. மேலிருந்து வெள்ளம் வந்து ஏரி ஏறுவதற்கு முன்பே வந்த தண்ணீர் கீழே போய்க்கொண்டிருந்தது. ஆந்திரா உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆந்திராவின் முறையீட்டில் ராயலசீமாவின் பக்கத்தில் சென்னையின் குடிநீரும் காரணமாகச் சொல்லப்பட்டது. தமிழ்நாடு அந்தச் சண்டையில் பெயராக மட்டும் இருந்தது.

தெலங்கானாவின் பக்கம் வலுவான நியாயம் உண்டு. இது மின்சாரத்துக்காகக் கட்டிய அணை, நடுவர் மன்றமும் அப்படித்தான் கண்டது, வடிநிலத்துக்கு வெளியே தண்ணீர் கொண்டுபோவதற்கு அது முதல் உரிமை தரவில்லை என்பது அவர்கள் வாதம். இதில் கசப்பான உண்மையும் கலந்திருக்கிறது. போத்திரெட்டிபாட்டை 44,000 கன அடிக்குத் திறந்தால் ஒரு நாளில் 3.8 டிஎம்சி போகும். சென்னைக்காக ஓராண்டு முழுதும் எடுக்க வேண்டிய 15 டிஎம்சியை நான்கே நாளில் எடுத்துவிடலாம். அப்படியானால் அத்தனை பெரிய மதகு சென்னைக்காகவா? சென்னையின் குடிநீர் என்ற பெயருக்குப் பின்னால் நின்றுகொண்டு வேறு கணக்குகள் தீர்க்கப்படுகின்றன என்று தெலங்கானா சொன்னால் அதை வெறும் சாக்கு என்று தள்ள முடியாது. ஆனால் இந்த வாதமே எனக்கு வேண்டிய இடத்துக்கும் கொண்டுபோகிறது. சென்னைக்கு உரியது நிறைந்த ஏரியில் ஏறத்தாழ மூன்று அடி உயரத் தண்ணீர், அவ்வளவுதான். அதை ராயலசீமாவின் பாசனத்திலிருந்து பிரித்து, வெள்ளக் காலத்தில் இன்ன நாளுக்குள் இன்ன மட்டத்தில் என்று தனியாக எழுதிவிட்டால் தெலங்கானாவின் சந்தேகத்துக்கும் மருந்து கிடைக்கும், சென்னைக்கும் உறுதி கிடைக்கும். மின்சாரமே முதல் நோக்கம் என்பதற்கான பதிலை மேலே சொன்ன தேதியே தருகிறது. 1976இல் வாக்குக் கொடுத்த ஆந்திரத்தில் இன்றைய தெலங்கானாவும் அடக்கம். முதல் சுழலி சுற்றும்போது அந்த வாக்கு ஏற்கெனவே நடப்பில் இருந்தது.

மின்சாரமும் தேவைதானே, அதுவும் புகையில்லாத மின்சாரம் என்று கேட்கலாம். தேவைதான். மாலையில் விளக்குகள் ஒருசேர எரியும்போது சில நிமிடங்களில் ஓடத் தொடங்கும் நீர்மின் நிலையத்துக்கு மாற்று சுலபமில்லை. ஆனால் எவ்வளவு மின்சாரம் என்று பார்க்க வேண்டும். ஸ்ரீசைலத்தில் தண்ணீர் ஏறத்தாழ 82 மீட்டர் விழுகிறது. அந்த உயரத்திலிருந்து ஒரு டிஎம்சியை இறக்கினால் கிடைப்பது சுமார் 57 லட்சம் யூனிட். அதே ஒரு டிஎம்சியைச் சென்னைக் கடற்கரையில் உப்பு நீக்கி எடுப்பதானால், ஒரு கன மீட்டருக்கு மூன்று யூனிட் என்று குறைத்தே வைத்தாலும், எட்டரைக் கோடி யூனிட் செலவாகும். சுழலியில் கிடைத்ததைப் போல பதினைந்து மடங்கு. சுழலியைக் கடந்த தண்ணீர் வீணாகிவிடவில்லை, நாகார்ஜுனசாகரில் தேங்கி வயலுக்குப் போகிறது என்பதும் சரி. அந்த வயலுக்குத் தேவைப்படும் நாளில் திறக்கும் தண்ணீரை யாரும் குறை சொல்ல முடியாது. கீழே தேவை எழாத நாளில், ஏரி ஏற வேண்டிய பருவத்தில், மின்சாரத்துக்காக மட்டும் இறக்குவதுதான் இந்தக் கணக்கில் நிற்காமல் போகிறது.

ஏரியைவிட்டுப் பிரிந்த நீர் பனகசெர்லா, வெலுகோடு, பிரம்மசாகர் வழியாகப் பெண்ணையில் விழுந்து, சோமசிலாவில் நின்று, கண்டலேறு போய், அங்கிருந்து 152 கிலோமீட்டர் கால்வாயில் எல்லைக்கு வருகிறது. முதல் சில ஆண்டுகளில் மண் கரை சரிந்து, வழியெல்லாம் உறிஞ்சப்பட்டு, வந்தது பேருக்குத்தான். சத்ய சாய் பாபாவின் அறக்கட்டளை 2002இல் முன்வந்து கண்டலேறு–பூண்டி கால்வாயைச் சீரமைத்த பிறகே ஓட்டம் சீரானது. எல்லையைத் தாண்டி 25 கிலோமீட்டரில் பூண்டி. மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் பெயர் தாங்கிய, 1944இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம். பூண்டியிலிருந்து ஒரு கால்வாய் தெற்கே செம்பரம்பாக்கத்துக்கு வருகிறது. இங்கேதான் கிருஷ்ணாவும் ஸ்ரீபெரும்புதூரும் சந்திக்கின்றன.

ஸ்ரீபெரும்புதூரை ஆலைக்காரர்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தண்ணீர் அல்ல. நெடுஞ்சாலை, துறைமுகம், விமான நிலையம், மலிவாகக் கிடைத்த நிலம் ஆகியவையே. கண்ணாடி ஆலை, கைபேசி ஆலை, டயர் ஆலை, ஒரகடத்தில் ரெனோ–நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என்று பதினைந்து ஆண்டுகளுக்குள் வந்து குவிந்த இடத்தில் பேராறு ஒன்றும் ஓடவில்லை. தொண்டை மண்டலத்தின் வழக்கப்படி ஏரிகள்தாம் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரி நீர் போய்ச் சேருமிடமும் செம்பரம்பாக்கமே. ஆகவே செம்பரம்பாக்கத்துக்கு இரண்டு முகம். மேற்கிலிருந்து ஆலைப் பகுதியின் மழைநீர் வருகிறது, வடக்கிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து களைத்த கிருஷ்ணா நீர் வருகிறது. 3.645 டிஎம்சி கொள்ளும் அந்த ஏரியின் கரையில் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2007இல் அமைந்தது. சொன்னபடி 12 டிஎம்சியும் வருமானால் அது நாளொன்றுக்கு 93 கோடி லிட்டர், அதாவது அந்த நிலையத்தைப் போல ஒன்றே முக்கால் நிலையத்துக்குத் தீனி. பெரும்பாலான ஆண்டுகளில் வந்தது அதில் பாதிக்குப் பக்கமோ அதற்கும் கீழேயோதான்.

குடிநீர் என்று சொல்லி வாங்கிய தண்ணீரை ஆலைக்கு எப்படித் தரலாம் என்று ஆந்திர உழவர் கேட்டால் என்ன பதில்? கேள்வி முற்றிலும் நியாயமானது, கிருஷ்ணா நீரின் மேல் ஒரகடத்துக்கு நேரடி உரிமை எதுவும் கிடையாது என்றே நான் சொல்வேன். மூன்று மாநிலங்கள் கொடுத்தது தாகத்துக்கு. அதைக் கார் கழுவும் கூடத்துக்கு அனுப்பினால் வாக்கு மீறலாகும். ஆனால் குடித்த தண்ணீர் மறைந்துவிடுவதில்லை. 2019இல் கோயம்பேட்டில் மெட்ரோ வாட்டர் திறந்த நிலையம் நகரத்தின் கழிவுநீரை மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்து, சவ்வு வழியே அழுத்தி வடித்து, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டரைக் குழாயில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் சிப்காட் வளாகங்களுக்கு அனுப்புகிறது. ஸ்ரீசைலத்தில் புறப்பட்ட தண்ணீர் அண்ணாநகரில் ஒரு வீட்டின் அரிசியைக் களைந்து, குளியலறையில் ஓடி, கோயம்பேட்டில் வடிந்து, ஒரகடத்தில் ஓர் ஆலையின் குளிர்விப்புக் கோபுரத்தில் ஆவியாகிறது. கிருஷ்ணா நீருக்கு அந்த வழியில் வந்தால்தான் இங்கே நியாயமான இடம். முதல் பயன் மனிதருக்கு, இரண்டாவது இயந்திரத்துக்கு. ஆலைகளின் தேவை வளர்வதைப் பார்த்தால் கோயம்பேட்டைப் போல இன்னும் பல நிலையங்கள் வேண்டும். ஆனால் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் கழிவுநீர்க் குழாயிலும் வராது. ஆகவே ஆலைப் பகுதிக்கும் ஸ்ரீசைலத்தின் மட்டம் பற்றிய கவலை ஒரு படி தள்ளியாவது உண்டு.

இன்னொரு எதிர்வாதம், கிருஷ்ணா நீரை நம்பிய காலம் போய்விட்டது என்பது. 2004இல் வீராணம் நீர் வந்தது. 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்தன. இவை போதாவா? 2019 கோடை இதற்குப் பதில் சொன்னது. இவை அனைத்தும் இயங்கிக்கொண்டிருந்தபோதே பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. செம்பரம்பாக்கத்தின் வெடித்த தரையில் ஆட்கள் நடந்தார்கள். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஊழியரை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. தெருவில் லாரித் தண்ணீருக்காகப் பெண்கள் இரவெல்லாம் குடத்தோடு காத்துக் கிடந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் கிருஷ்ணாவில் பெருவெள்ளம் வந்து ஸ்ரீசைலம் நிறைந்து வழிந்தது. கண்டலேறிலிருந்து திறந்த நீர் எல்லைக்கு வந்தது செப்டம்பர் இறுதியில். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையைச் சென்னையோடு இணைக்கும் கால்வாய் இது. நகரத்தின் ஏரிகள் எல்லாம் வடகிழக்குப் பருவமழையையே நம்பியவை. அந்த மழை பொய்க்கும் ஆண்டில் வேறு மழையின் தண்ணீர் கிடைப்பதுதான் கிருஷ்ணா திட்டத்தின் உயிர்நாடி. அந்தப் பயனைக் கடல்நீர் நிலையமும் தரும், ஆனால் முன்பு பார்த்த மின்கணக்கில்.

பழி முழுவதையும் ஸ்ரீசைலத்தின் மேல் போட்டுவிடவும் முடியாது. சென்னையின் ஐந்து நீர்த்தேக்கங்களும், 2020இல் திறந்த கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகையின் அரை டிஎம்சியையும் சேர்த்தால், கொள்வது 11.757 டிஎம்சி. வரவேண்டிய கிருஷ்ணா நீரே 12. ஜூலையிலிருந்து அக்டோபருக்குள் 8 டிஎம்சி வந்து நிறைந்தால், அக்டோபர் கடைசியில் தொடங்கும் நமது சொந்த மழையை எங்கே வைப்பது? ஆகவே ஏரிகள் நிரம்பிய ஆண்டுகளில் போதும், நிறுத்துங்கள் என்று தமிழ்நாடே ஆந்திராவுக்குச் சொல்லியிருக்கிறது. 2015 டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி திறக்க நேர்ந்து அடையாற்றுக் கரை மூழ்கிய பிறகு, 24 அடி ஏரியை மழைக்காலத்தில் இரண்டடி குறைத்தே வைக்கும் எச்சரிக்கை வந்துவிட்டது. மட்டத்தின் சங்கடம் இங்கேயும் அதே வடிவில்தான் இருக்கிறது. நிறைத்து வைத்தால் வெள்ளம், இறக்கி வைத்தால் கோடை. ஆலைப் பகுதியின் ஏரிகளை, குறிப்பாக ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளை, ஆழப்படுத்திக் கரையை உயர்த்தினால் மேற்கிலிருந்து வரும் மழை அங்கேயே நிற்கும், செம்பரம்பாக்கத்தில் கிருஷ்ணாவுக்கு இடம் பிறக்கும். சிப்காட் நிலம் எடுப்பதில் காட்டிய முனைப்பை இதிலும் காட்டியிருந்தால் இதற்குள் ஆகியிருக்கும்.

கிருஷ்ணா நதி மேலாண்மை வாரியத்தில் உறுப்பு மாநிலங்கள் ஆந்திராவும் தெலங்கானாவும்தான். சென்னைக் குடிநீர் பற்றிய தனிக் குழுவில் மட்டும் தமிழ்நாட்டுக்கு இடம் உண்டு, அங்கே பங்குதாரர் மாநிலங்களும் உட்காருகின்றன. அந்தக் குழுவில் தமிழ்நாடு பெரும்பாலும் கேட்டுவந்தது இத்தனை டிஎம்சி பாக்கி என்ற கணக்கை. கேட்க வேண்டியது வேறு. ஆகஸ்டு, செப்டம்பரில் வெள்ளம் வரும் ஆண்டுகளில் ஸ்ரீசைலம் 875 அடியைத் தாண்டியதும், சென்னையின் பங்கை முதல் பத்து நாளில் போத்திரெட்டிபாடு வழியே எடுத்துச் சோமசிலாவிலும் கண்டலேறிலும் சென்னைக் கணக்கில் தனியாக இருப்பு வைக்க வேண்டும். அந்த இரண்டும் சேர்ந்து 146 டிஎம்சி கொள்பவை, 12 டிஎம்சிக்கு அங்கே இடம் இருக்கிறது. அதன் பின் இரு மின் நிலையங்களும் தங்கள் விருப்பப்படி ஏரியை இறக்கிக்கொள்ளட்டும். மின்சாரம் இழப்பதற்கு ஈடாக, ஒரு டிஎம்சிக்கு 57 லட்சம் யூனிட் என்ற கணக்கில், காற்றாலை மின்சாரம் மிகுதியாகக் கிடைக்கும் அந்தப் பருவத்திலேயே தமிழ்நாடு தெலங்கானாவுக்கும் ஆந்திராவுக்கும் மின்சாரமாகவே திருப்பித் தரலாம். 15 டிஎம்சிக்கும் சேர்த்து அது எட்டரைக் கோடி யூனிட். ஒரே ஒரு டிஎம்சியைக் கடலிலிருந்து எடுக்க ஆகும் மின்சாரம் அது.